தலைப்பிரசவத்துக்கு இங்கே வராதே

வசந்திக்கு,

முதலில் ஒரு காரியம் செய். படிப்பதை இந்த இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்து போ. உன் கட்டிலுக்குக் கீழே ஒளித்து வைத்திருக்கிறாயே, உங்கப்பா கொண்டு வந்து கொடுத்த வெள்ளைக் கேன், அதில் மிச்சமிருக்கிற தண்ணீரை அப்படியே சாக்கடையில் கவிழ்த்துவிடு. செடிக்கு ஊற்றாதே. பாத்திரம் தேய்க்கவும் வைத்துக்கொள்ளாதே. கேனைக் கழுவிப் பத்திரப்படுத்துகிற வேலையும் வேண்டாம், தூக்கிப் போட்டுவிடு. ஏன் என்று கேட்டுக்கொண்டு நிற்காதே, அதைச் சொல்வதற்குத்தான் இவ்வளவு பெரிய கடிதம். கொட்டிவிட்டு வந்து நிதானமாக உட்கார். கால் வீங்கியிருந்தால் ஒரு தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு படி.

போன வாரம் நான் எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் போட்டபோது என்னை ஒரு வாக்கியம் பேசவிட்டாயா நீ? "வளைகாப்பு முடிஞ்சதும் என்னைக் கூட்டிட்டுப் போவீங்களா மாட்டீங்களா, ஒரே வார்த்தையில சொல்லும்மா" என்றாய். நானும் ஒரே வார்த்தையில் "வேண்டாம்" என்றேன். "சரி, யாரும் கூப்பிட வர வேண்டாம், நானே ரயில் ஏறி வந்துடறேன்" என்று டக்கென்று வைத்துவிட்டாய். உன் முன்கோபம் யாரிடமிருந்து வந்தது என்று நான் தேடிப் போக வேண்டியதில்லை, அது என்னுடையதுதான். மறுபடி நம்பரைச் சுழற்றினேன். உன் மாமியார் எடுத்தார். "அவ அழுதுட்டே போய்ப் படுத்துட்டா சம்பந்தியம்மா" என்றார். அந்தக் கேன் தண்ணீரைக் கொட்டிவிடச் சொல்லுங்கள், தயவுசெய்து சொல்லுங்கள் என்றேன். "ஏங்க, உங்க பொண்ணுக்கு நாங்க தண்ணிகூடவா குடுக்க மாட்டோம்?" என்று கேட்டுச் சிரித்தார். பூத்துக்கு வெளியே ஒரு ஆள் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தான். அந்த இடத்தில் நின்றுகொண்டு அவருக்கு என்னத்தை விளக்குவது? சொன்னதை அவர் உன்னிடம் சொன்னாரோ, விளையாட்டு என்று விட்டுவிட்டாரோ, எனக்குத் தெரியாது. அதனால்தான் நலமா என்றுகூடக் கேட்காமல் கேனிலிருந்து ஆரம்பித்தேன்.

நீ என்ன நினைத்துக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியாதா? அம்மாவுக்கு வயசாகிவிட்டது, பிள்ளை பெற்றவளுக்குச் செய்ய உடம்பில் தெம்பில்லை, தட்டிக்கழிக்கிறாள் என்று ஒரு நாள் நினைத்திருப்பாய். அப்பாவின் உடம்பைச் சாக்கு வைக்கிறாள் என்று மறுநாள் நினைத்திருப்பாய். அங்கே அக்கம்பக்கத்தில் யாராவது "முதல் பிரசவம் அம்மா வீட்டுலதானே?" என்று கேட்டிருப்பார்கள், நீ பதில் சொல்லத் தெரியாமல் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றிருப்பாய்.  அடியே, உன் அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. என் பழைய நூல் புடவைகளைக் கிழித்துத் துவைத்து வெயிலில் உலர்த்தி மடித்து வைத்திருக்கிறேன். சுக்கும் திப்பிலியும் வாங்கி டப்பாவில் போட்டாயிற்று. உங்கப்பா பரணிலிருந்து தொட்டிலை இறக்கி, துடைத்து, கொக்கி தாங்குமா என்று தானே தொங்கிப் பார்த்தார். இவ்வளவும் செய்துவிட்டு வராதே என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

விஷயம் நம் கிணறு. நீ இரண்டாம் வகுப்புக்குப் போன வருஷம் இந்த வீட்டுக்கு வந்தோம். அப்போது இது தெருவே இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடுகள், நடுவிலெல்லாம் முள், மழை வந்தால் ஏரித் தண்ணீர் வாசல் வரைக்கும் வரும். கரண்டு வருவதற்கு முன்னால் கிணறு வந்துவிட்டது. பக்கத்து மனைக்காரர்கள் தோண்டியதெல்லாம் உப்பு. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. நமக்கு மட்டும் கல்கண்டு. அன்றைக்கு உங்கப்பா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்! புரமோஷன் வந்த அன்றுகூட மனுஷன் அப்படிப் பூரித்ததில்லை. உறை இறக்கிய ஆட்களுக்குப் பாயசத்தோடு சாப்பாடு போடச் சொன்னார். அப்புறம் சைக்கிளை எடுத்துக்கொண்டு, தெரிந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் ஒரு தூக்குவாளியில் தண்ணீரைக் கொண்டுபோய் ருசி காட்டிவிட்டு வந்தார். அல்வாவை ருசி காட்டுவார்கள், தண்ணீரை யாராவது காட்டுவார்களா? உங்கப்பா காட்டினார்.

அதிலிருந்து நம் கேட்டைப் பூட்டக் கூடாது என்பது அவர் சட்டம். விடிந்தால் குடங்கள் வரிசை கட்டும். வெயில் காலத்தில் ஏரிக்கரைப் பக்கமிருந்தெல்லாம் வருவார்கள். கன்னியம்மா உனக்கு ஞாபகம் இருக்கும், இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகக் குடம் தூக்கிக்கொண்டு ஓடுவாளே. "உங்க தண்ணில வடிச்சாதாம்மா எங்கூட்டுச் சோறு மல்லியப்பூவாட்டம் கீது" என்பாள். கேட்டு உங்கப்பா ஒரு பவுன் கிடைத்த மாதிரி நடப்பார். வருஷா வருஷம் தானே இறங்கித் தூர் வாருவார். உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று உன் மாமியார் பஜ்ஜியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, சொஜ்ஜியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, தண்ணீரைக் குடித்துவிட்டு "இளநி மாதிரி இருக்கே" என்றார். உங்கப்பா அந்த நிமிஷமே சம்பந்தத்துக்குத் தலையாட்டிவிட்டார் என்று நான் இன்னமும் அவரைக் கேலி செய்கிறேன். மசக்கையில் உனக்கு எதுவுமே ஒத்துக்கொள்ளாமல், விழுப்புரம் தண்ணீரே நாறுகிறது, நம்ம வீட்டுத் தண்ணிதான் வேண்டும் என்று நீ அழுதபோது, பாவம், அந்த மனுஷன் பத்து லிட்டர் கேனைத் தோளில் போட்டுக்கொண்டு தாம்பரத்தில் பாசஞ்சர் ஏறினார். பிள்ளைத்தாச்சிப் பெண்ணுக்கு ஊர் விட்டு ஊர் கிணற்றுத் தண்ணீரைச் சுமந்துகொண்டு போன அப்பா உலகத்தில் வேறு யாராவது இருப்பார்களா, தெரியவில்லை. மாதம் தவறாமல் போனார்.

அந்தத் தண்ணீரில்தான் விஷம் இருக்கிறது, வசந்தி. சுற்றி வளைத்து எழுத எனக்குத் தெம்பில்லை.

உங்கப்பாவுக்குக் காலும் முகமும் வீங்குவதை நீ போன தடவை பார்த்தாய். உப்பைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று உன்னிடம் சொன்னோம். சரியாகவில்லை. தாம்பரத்தில் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன், ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு இரண்டு கிட்னியும் சோர்ந்திருக்கிறது என்றார். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, வலி மாத்திரை நிறையப் போடுவாரா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை. பிறகு, "எந்தத் தண்ணி குடிக்கறீங்க?" என்றார். உங்கப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "சொந்தக் கிணறு டாக்டர். அந்த ஏரியாவுலயே நம்ம தண்ணிதான்" என்று ஆரம்பித்துவிட்டார். டாக்டர் அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டு, ஒரு தடவை டெஸ்ட் பண்ணிப் பாருங்கள் என்றார். வெளியே வந்ததும் "வீக்கத்துக்குப் போனா தண்ணியைக் குத்தம் சொல்றாங்க, வியாதிக்குப் பேர் தெரியலைன்னா இப்படித்தான்" என்று உங்கப்பா முணுமுணுத்துக்கொண்டே வந்தார். நானும் ஆமாம் போட்டேன். நம் தண்ணீரை ஒருத்தர் குறை சொன்னால் எனக்கும் சுருக்கென்றுதான் இருக்கும்.

அதே சமயம் பார்த்து ஒரு பெண் வந்தாள். காட்டாங்குளத்தூர்ப் பக்கம் ஒரு காலேஜில் படிக்கிறவள், ஒல்லியாக, உன்னை மாதிரியே வேகமாகப் பேசுகிறவள். இந்தப் பகுதிக் கிணறுகளிலெல்லாம் தண்ணீர் எடுத்துப் பரிசோதனை செய்கிறாள், அது அவள் படிப்புக்காம். உங்கப்பாவே வாளியை இறக்கி, "நல்லா அடித் தண்ணியா எடுத்துக்கோம்மா" என்று இழுத்துக் கொடுத்தார். அன்றைக்கு அவள் காபி கேட்டு வாங்கிக் குடித்தாள், இன்னும் அரை டம்ளர் கிடைக்குமா ஆன்ட்டி என்றாள். சில வாரம் கழித்து மறுபடி வந்தாள். நானும் ஆசையாகக் காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தேன். தொடவில்லை. ஆடை படிகிறது, ஆறுகிறது, பெண் டம்ளரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னம்மா, பால் திரிஞ்சிருக்கா?" என்றேன். "இல்ல ஆன்ட்டி... காபிலயும் இந்தத் தண்ணிதானே ஊத்தியிருப்பீங்க" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை, டம்ளரை எடுத்து முகர்ந்து பார்த்தேன்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். குரோமியம் என்று ஒரு உலோகம். தோல் பதனிடுகிறபோது போடுகிற உப்பில் இருப்பது. அது மண்ணுக்குள் இறங்கினால் அங்கேயே நிற்பதில்லை, நிலத்தடி நீரோடு நடந்து வருகிறது. அதில் கெட்ட வகை ஒன்று உண்டு, அதுதான் நம் கிணற்றில். இருக்கலாம் என்கிற அளவைவிட ரொம்ப அதிகம் என்றாள். நிறம் காட்டாது, நாறாது, கரிக்காது. "வயிறு, ஈரல், கிட்னி எல்லாத்தையும் பாதிக்கும் ஆன்ட்டி, தோல்ல புண் வரும், ரொம்ப வருஷம் குடிச்சா கான்சர்கூட வரலாம்னு படிச்சிருக்கேன்" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பல்லாவரம் தாண்டியதும் ரயிலில் எல்லாரும் மூக்கைப் பொத்துவோமே, ஞாபகம் இருக்கிறதா? தோல் கம்பெனிக் கழிவு ஓடையில் பச்சையும் நீலமுமாகத் தண்ணீர் ஓடும், நீ சின்னவளாக இருந்தபோது அழகாக இருக்கிறது என்று கை நீட்டுவாய், நான் கையைத் தட்டிவிடுவேன். ஓடையைக் கண்டு அத்தனை அருவருப்பு. அந்த ஓடையும் நம் கிணறும் ஒரே மண்ணில்தான் இருக்கின்றன என்று படித்தவர்கள் நிறைந்த இந்தக் காலனியில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. உப்புக் கரித்தால் கெட்ட தண்ணீர், இனித்தால் நல்ல தண்ணீர். அதற்கு மேல் நாங்கள் கேட்கவே இல்லை. எந்தக் கம்பெனியிலிருந்து, எந்த வருஷம் இறங்கியது என்று கேட்டேன். அது யாருக்கும் தெரியாது, சொல்லவும் மாட்டார்கள் என்றாள்.

"நாங்க காய்ச்சித்தானேம்மா குடிக்கறோம்!" என்றேன். இந்த ஒரு விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது என்று அவ்வளவு தைரியம் எனக்கு. ஊரெல்லாம் மஞ்சள்காமாலை வந்த வருஷத்திலிருந்து நான் ஒரு சொட்டுப் பச்சைத் தண்ணீர் உன் வாயில் படவிட்டதில்லை. ஜீரகம் போட்டு, தளதளவென்று கொதிக்கவிட்டு, பாதியாகச் சுண்டின பிறகுதான் இறக்குவேன். கெரசின் கிடைக்காத நாளில்கூட விறகு வைத்துக் காய்ச்சினேன். ஸ்கூலுக்கு, பரீட்சைக்கு, கல்யாண மண்டபத்துக்குக்கூட உனக்குத் தனியாக பாட்டிலில் வந்தது. அந்தப் பெண் ரொம்ப மெதுவாகச் சொன்னாள்: "காய்ச்சினா கிருமி சாகும் ஆன்ட்டி. இது கிருமி இல்ல. தண்ணிதான் ஆவியாப் போகும், இது பாத்திரத்துலயே நின்னுடும். சுண்டச் சுண்ட..."  அவள் முடிக்கட்டும் என்று நான் நிற்கவில்லை. உள்ளே போய் அடுப்பின் மேலிருந்த பெரிய அலுமினியப் பாத்திரத்தைப் பார்த்தேன். எனக்கு அழுகை வரவில்லை வசந்தி, எரிச்சல்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத எரிச்சல். மன்னிப்புக் கேட்க நான் இதை எழுதவில்லை. எனக்குத் தெரிந்த அளவில் உன்னைக் கண்ணுக்குள் வைத்துத்தான் வளர்த்தேன். தெரியவேண்டியவர்கள் சொல்லவில்லை. அதற்கு நான் ஏன் கை கட்டி நிற்க வேண்டும்?

கிளம்பும்போது அவளிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். கேன் விஷயத்தையும் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. வயிற்றுப் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். "தெரியல ஆன்ட்டி. பொய் சொல்ல விரும்பல, நிஜமாவே தெரியல. ஆனா நானா இருந்தா ஒரு வாய் குடிக்க மாட்டேன்" என்றாள். மறுநாளே லேடி டாக்டரிடம் ஓடினேன். பயந்து பிரயோஜனமில்லை, இனிமேல் குடிக்காமல் இருப்பதுதான் முக்கியம், அங்கே பார்க்கிற டாக்டரிடம் ஒன்றுவிடாமல் சொல்லச் சொல்லுங்கள் என்றார். உங்கப்பாவின் டாக்டரிடமும் போய் நின்றேன். "இதனாலதான் கிட்னி போச்சுன்னு என்னால சொல்ல முடியாதும்மா. இதனால இல்லைன்னும் சொல்ல முடியாது" என்றார். இந்த விஷயத்தில் இனி நமக்குக் கிடைக்கப்போகிற பதில் இவ்வளவுதான் போலிருக்கிறது. உனக்கு ஏழாவது படிக்கும்போது வந்த வயிற்றுவலி, கையில் வந்து வந்து போன அந்தச் சொறி, எல்லாவற்றையும் இப்போது உட்கார்ந்து உட்கார்ந்து யோசிக்கிறேன். அதுவா இது, இதுவா அது என்று யோசித்தே எனக்கு அலுத்துவிட்டது. நீயாவது அப்படி யோசிக்காதே. டாக்டரிடம் சொல், என்ன பரிசோதனை சொல்கிறாரோ செய்துகொள், மீதி நேரம் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கு.

தெருவில் சொல்லாமல் இருக்க முடியுமா? கேட்டைப் பூட்டினேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. காலையில் குடத்தோடு வந்தவர்களிடம் விவரம் சொன்னேன். காலனிக்காரர்கள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார்கள். வீட்டு விலை இறங்கிவிடும், வெளியே சொல்லாதீர்கள் மாமி என்று ஒருத்தர் காதோடு சொன்னார். கன்னியம்மாதான் கேட்டைப் பிடித்து உலுக்கினாள். "இன்னாம்மா, இத்தினி வருசமா குட்ச்சினு கீறோம், எங்களுக்கு இன்னா ஆய்ட்ச்சி? தண்ணி குடுக்க மன்சு இல்லன்னா இல்லன்னு சொல்லு, வெசம் கிசம்னு இன்னாத்துக்குக் கதை வுடுற?" என்று கத்தினாள். அவள் புருஷன் தோல் கம்பெனியில்தான் வேலை பார்த்தான், கை இரண்டிலும் குழி குழியாகப் புண். அதைச் சொல்லிப் பார்த்தேன். "அது தோலு ஊற வெக்கிற தொட்டில கையி வெச்சா வர்றது. குடிக்கிற தண்ணிக்கும் அதுக்கும் இன்னா?" என்றாள்.  அடுத்து அவள் கேட்டது, "அப்போ நாங்க எங்க போய்த் தண்ணி புடிக்கிறது, நீயே சொல்லு" என்பது.  பஞ்சாயத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நாலு தடவை நடந்தாயிற்று, பார்க்கலாம் என்கிறார்கள். இப்போது அவள் என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறாள். ராத்திரி சுவரேறிக் குதித்து எடுக்கிறார்கள் என்று நினைக்கிறேன். காலையில் கயிறு நனைந்திருக்கிறது.

உங்கப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். அந்தப் பெண் வந்துபோன பிறகும் அவர் அந்தத் தண்ணீரை நிறுத்தவில்லை. அதிகமாகக் குடிக்கிறார். நான் லாரித் தண்ணீரைப் பிடித்து வைத்தால் தொடுவதில்லை. என் கண் எதிரே கிணற்றடிக்குப் போய், சொம்பு நிறைய எடுத்து, அண்ணாந்து குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார். வீம்பு என்று நினைத்துச் சண்டை போட்டேன், சொம்பைப் பிடுங்கி எறிந்தேன், இந்த வயசில் இரண்டு பேரும் கிணற்றடியில் மல்லுக்கட்டினோம். போன செவ்வாய்க்கிழமை அவர் தொட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். "நான்தானே கொண்டுபோய்க் குடுத்தேன்" என்றார். "குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு அந்தப் பொண்ணு சொன்னாளா? நீ கேட்டியா? சரியாக் கேட்டியா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. குடிப்பதை நிறுத்தினால், உனக்கு இத்தனை மாதம் தோளில் சுமந்துகொண்டு வந்தது என்ன என்று அவர் ஒப்புக்கொண்டாக வேண்டும். அதற்குப் பயந்துகொண்டு அந்த மனுஷன் குடிக்கிறார். நல்ல தண்ணீர்தான் என்று தன் உடம்பை வைத்து நிரூபிக்கப் பார்க்கிறார். நீ அவரை ஒரு வார்த்தை திட்டக் கூடாது, சொல்லிவிட்டேன். முடிந்தால் அவருக்குத் தனியாக ஒரு கார்டு போடு. நான் நன்றாக இருக்கிறேன் அப்பா, நீங்களும் குடிக்காதீர்கள் என்று நீ எழுதினால் கேட்பார். நான் சொன்னால் நடக்காது.

லாரித் தண்ணீரை வாங்கி வைத்துக்கொள்ளலாமே, அதற்காகவா வர வேண்டாம் என்கிறாய் என்று நீ கேட்பாய். நானும் இந்தக் கணக்கெல்லாம் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். லாரிக்காரன் எந்தக் கிணற்றிலிருந்து உறிஞ்சிக்கொண்டு வருகிறான் என்று கேட்டால் "தாம்பரத்துக்கு அந்தாண்ட" என்கிறான். அந்தாண்ட என்றால் எது? அவனுக்கே தெரியாது. ஒரு நாள் வருவான், இரண்டு நாள் வரமாட்டான். பிள்ளை பெற்ற வீட்டில் குடிப்பதோடு முடிந்துவிடுமா? உனக்குக் குளிக்க, குழந்தையைக் குளிப்பாட்ட, துணி அலச, கஞ்சி வைக்க, கஷாயம் வைக்க, எத்தனை அண்டாத் தண்ணீர்! அவசரத்துக்கு ஒரு வாளி கிணற்றில் இறைத்துவிட மாட்டேன் என்று என்னையே என்னால் நம்ப முடியவில்லை. உங்கப்பா குழந்தைக்கு ஒரு பாலாடை ஊற்றிவிட்டால்? நீயே இடுப்பு வலியில் கிணற்றடியில் நின்று, ஒரே ஒரு வாய் என்று கெஞ்சினால்? இருபது வருஷப் பழக்கம், இனிக்கிற தண்ணீர். நம்மில் யாரையும் நான் நம்பத் தயாராக இல்லை.

அதனால் நான் யோசித்து வைத்திருப்பதைச் சொல்கிறேன், மாப்பிள்ளையிடமும் காட்டு. விழுப்புரத்தில் உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் போர்ஷன் வாடகைக்குப் பார்க்கச் சொல். ஒரு அறை, ஒரு அடுப்படி, குழாயில் தண்ணீர், அது போதும். நானும் உங்கப்பாவும் வந்து இருக்கிறோம். வளைகாப்பு முடிந்ததும் முறைப்படி தாம்பூலம் வைத்து, உன் மாமியார் வீட்டிலிருந்து அந்தப் போர்ஷனுக்கு உன்னை அழைத்துக்கொண்டு போகிறேன். அம்மா வீட்டில் பிரசவம் என்று நீ யாரிடம் வேண்டுமானாலும் நிமிர்ந்து சொல்லலாம். சம்பந்தி வீட்டுக்குப் பக்கத்திலேயே குடித்தனம் போடுவதா என்று உங்கப்பா குதிப்பார், குதிக்கட்டும். அவரை இங்கே தனியாகக் கிணற்றோடு விட்டுவிட்டு நான் வரமாட்டேன், அவருக்கும் அங்கே வந்தால்தான் பிழைப்பு. அந்த வீட்டுக் குழாய்த் தண்ணீரை முதலில் ஒரு சுத்தமான பாட்டிலில் பிடித்து மாப்பிள்ளையிடம் கொடுத்தனுப்பு. அந்தப் பெண் பார்த்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். தெளிவாக இருக்கிறதே, தித்திப்பாக இருக்கிறதே என்று யார் சொன்னாலும் தலையாட்டாதே. இனி உன் வாழ்நாளில் எந்த ஊருக்குக் குடி போனாலும், வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேள். பைத்தியம் என்பார்கள், பரவாயில்லை.

உன் மாமியாருக்கும் தனியாக எழுதுகிறேன். அவர் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நீ பிடிவாதக்காரி, சொன்னபடி செய்கிறவள், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இதையெல்லாம் படித்த பிறகும் வீம்புக்கு ரயிலேறி, பெட்டியும் வயிறுமாக நீ இங்கே வந்து இறங்கினால், நான் சொல்வதைக் கேட்டுக்கொள். கேட்டைத் திறக்க மாட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு நானே வெளியே வந்து, நீ வந்த ஆட்டோவிலேயே உன்னோடு ஏறி, ஸ்டேஷனுக்குத் திருப்பச் சொல்வேன். நிறைமாசமாக வாசலில் வந்து நின்ற பெற்ற பெண்ணுக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்காமல் விரட்டினாள் என்று இந்தத் தெரு முழுக்கப் பேசட்டும். தாகம் என்று நீ அழுதாலும் கொடுக்க மாட்டேன், வசந்தி.

உன் அம்மா